தட்டில் இல்லாத பாட்டு

பாடகி டல்வினாவின் குரல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ரியோவில் எங்கள் வானொலி நிலையம் பாடாதவர்களை வைத்துக்கொள்வதில்லை. அதனால் சனிக்கிழமை மதிய நிகழ்ச்சியில் அவள் மேடையில் வாயசைப்பாள், நான் கண்ணாடி அறையில் அவளுடைய பழைய இசைத்தட்டை ஓட்டுவேன். வாத்தியக்காரர்களும் உடந்தை.

"தட்டு சிக்கிச்சுன்னா என் பொழப்பு போச்சுடா, ஒலிவால்டோ," என்றாள், வெறும் காற்றாக.

"நீ வாயை ஒழுங்கா அசை தாயி. தட்டு உன்னைவிட நல்லாப் பாடும்."

அரங்கில் இருந்த அறுநூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் ரசிகர் மன்றப் பெண்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். அதையே மறுபடி போடத் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினேன். முள் என் கையில் இருக்கும்போதே அவள் குரல் வேறொரு பாட்டைத் தொடங்கியது. நான் அதைக் கேட்டதில்லை. டல்வினாவுக்கும் தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

முன்வரிசைப் பெண்கள் ஒரு சொல் பிசகாமல் கூடவே பாடினார்கள்.