கதவு தெரியாத தோட்டம்

மேசையின் தலைப்பக்கம் மறதி நோயாளிகள் இல்லத்தின் நிர்வாகியம்மாள், எதிரே தோட்ட வடிவமைப்பாளர், அவர் பக்கத்தில் அவருடைய மனைவி. ஜன்னல்களில் திரை போட்டிருந்தது.

வடிவமைப்பாளர் வரைபடத்தை விரித்தார்.

"நடைபாதை வட்டமாத்தான் போகணும். பாதை பாதியில நின்னா இவங்க மிரண்டுடுவாங்க. வெளிக்கதவுக்குச் சுவரோட பச்சையையே அடிச்சு, முன்னாடி புதர் வச்சிடுங்க."

"வெளியே போகணும்னு தேட மாட்டாங்களா சார்?"

"கண்ணுல படாததை யாரும்மா தேடுவாங்க? இவ ஒளிச்சு வைக்கிற பிஸ்கட் டப்பாவையே நான் இன்னும் கண்டுபிடிக்கல!"

மூவரும் சிரித்தார்கள்.

"நீ பேசிட்டிரு, நான் இடத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

நிர்வாகியம்மாள் திரையை விலக்கினார். வரைபடத்தில் இருந்த தோட்டம் அச்சு அசலாக வெளியே வளர்ந்து நின்றது.

"நீங்க கண் காட்டினதால நானும் தெரியாத மாதிரியே கேட்டுட்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி சார் போட்டுக் கொடுத்ததுதானே இது? மறுபடியும் எதுக்கு மேடம் அதே படம்?"

"அவருக்கு இது ஞாபகம் இல்லம்மா. அவரை இங்க சேர்க்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

வெளியே அவர் சுவரைத் தடவித் தடவி வழி தேடிக்கொண்டிருந்தார்.

மனைவி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, 'அப்பாவுக்கு இடம் பிடித்திருக்கிறது' என்று மகளுக்கு எழுதி, உறையை ஒட்டித் தபாலுக்குக் கொடுத்தாள்.