எச்சம் ஊறும் நேரம்

மரத்தடியில் நிற்கும் நீலக் காரின் முன்பக்கத்தில் காக்கை எச்சம் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாய் ஒட்டிக் கிடக்கிறது. அவள் ஈரத்துணியை அதன்மேல் போட்டுவிட்டு, ஊறட்டும் என்று பக்கத்திலேயே நிற்கிறாள். சுரண்டினால் பெயிண்ட் போய்விடும் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை எடுக்க ஆளில்லை. துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, மெழுகு தடவித் துடைக்கிறாள். பளபளப்பில் கிளைகள் தெரிகின்றன, நடுவே அவள் முகமும். வேலைக்குக் கிளம்பிய எதிர்வீட்டுப் பெண் ஸ்கூட்டரை நிறுத்துகிறாள். “தினமும் ஏங்க்கா இந்தப் பாடு? ஒரு கவர் போட்டு மூடிடலாம்ல?” மூடிவிட்டால் காலையில் நீ நின்று என்னோடு பேசுவாயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. “வாங்கணும்மா,” என்கிறாள். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அழுக்கே இல்லாத பின்கதவைத் துடைக்கத் தொடங்குகிறாள்.