தீப்பெட்டியில் ஒரு பால்பல்

"இது ஆட்டுக்குட்டிப் பல்லுக்கா. நாலாயிரம் ஆடு வச்சிருக்கிறவன் சொல்றேன், கேட்டுக்க."

கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தபடி, நிமிராமலே சொன்னான் டெஸ். உள்ளே ஒரு பழைய தீப்பெட்டி. அதில் பஞ்சின்மேல் ஒரு சின்னப் பல். பக்கத்தில் அவனுடைய அக்கா நொரீன் கைப்பட எழுதிய அட்டை: 'நடிகை லோர்னா ப்ரைஸின் பால்பல். அவருடைய முதல் படத்தின்போது நம் ஊரில் விழுந்தது.'

"வாய மூடுறா. அம்மா செத்தப்புறம் அவ பெட்டியில இருந்து எடுத்தது. பேப்பர்ல வந்த லோர்னா போட்டோவோட சேத்து வச்சிருந்தா."

"நம்ம ஊர்ல விழுந்த பல்ல ராத்திரி தண்ணி கிளாஸ்ல போட்டு வச்சா, பல் தேவதை வந்து எடுத்துட்டுப் போயிரும். எம் பல்லையெல்லாம் ஒண்ணு விடாமக் கொண்டு போனவ, அந்தப் பொண்ணு பல்ல மட்டும் மறந்துட்டாளாக்கும்?"

அறுபத்தைந்து வயதுத் தம்பியைக் காதைப் பிடித்துத் திருகினால் தேவலை என்றிருந்தது நொரீனுக்கு. ஆனால் வாரிங்கா நகரசபையில் அவன் வைத்ததுதான் சட்டம். அவள் இருபத்திரண்டு வருஷமாகத் தூசி தட்டிக் காப்பாற்றி வரும் இந்த ஒற்றை அறைச் சினிமாக் காட்சிக்கூடத்தைக் காலி செய்து, உர மூட்டை அடுக்க விடலாம் என்று திங்கட்கிழமை தீர்மானம் கொண்டுவரப் போகிறவனும் அவன்தான். அது சட்டைப்பையிலேயே தயாராக இருந்தது.

"இன்னைக்கு அந்தம்மாவே வர்றாங்கல்ல? எல்லார் முன்னாடியும் நானே கேக்கப்போறேன். தன்னோடதுதான்னு சொல்லிட்டா, அங்கயே தீர்மானத்தக் கிழிச்சுப் போடுறேன். இல்லன்னா நீ கடையக் கட்டு."

"கேளு. தாராளமாக் கேளு" என்றாள் நொரீன். ஆனால் அவளுக்கே அது நிச்சயமில்லை. அம்மா அந்தப் பல்லைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படப்பிடிப்பு நடந்தபோது நொரீனுக்குப் பதினைந்து வயது. படக்குழுவுக்கு அம்மாதான் சமையல். நொரீன் தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாள். காட்டில் தொலைந்து நாலாம் நாள் கிடைக்கிற சிறுமியாக நடித்தாள் லோர்னா. ஏழே வயது. கொதிக்கிற செம்மண்ணில் அவளை வெறுங்காலோடு பதினாலு தடவை நடக்கவிட்டார்கள். கண்ணோரம் ஈ மொய்த்தது. அவள் இமைக்கவில்லை. கடைசியில் அப்பாவைக் கண்டதும் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாளே ஒரு சிரிப்பு, கேமராக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பிள்ளை அது. அப்புறம் லோர்னா நாற்பது படம் நடித்து, வாங்காத விருதில்லை. ஆனாலும் அந்த ஒரு சிரிப்புக்கு எதுவும் ஈடில்லை என்பது நொரீனின் கட்சி.

மூன்று மணிக்கு லோர்னா வந்தபோது அறை கொள்ளாத கூட்டம். நரைத்த தலை, கையில் தடி, ஆனால் அதே கண். வரவேற்புப் பேச்சு முடியக்கூட விடவில்லை டெஸ். தீப்பெட்டியை எடுத்து நீட்டிவிட்டான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது உங்க பல்லுன்னு எங்கக்கா சொல்றா. நீங்க ஆமான்னா இந்த எடம் இருக்கும், இல்லன்னா உர குடோன். இது உங்களோடதுதானா?"

லோர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லைப் பார்த்தார். பிறகு நொரீனைப் பார்த்தார். நொரீன் தரையைப் பார்த்தாள்.

"இத நான் மறுபடியும் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல." லோர்னாவின் குரல் இறங்கிவிட்டது. "பதிமூணு தடவ நடந்து முடிச்சப்ப இது ஆடிட்டே இருந்துச்சு. டைரக்டர், 'போதும்மா, நாளைக்குப் பாக்கலாம்'னாரு. நான் நானே புடுங்கி, சமையல்காரம்மா கையில வச்சு, 'பத்திரம்'னு சொல்லிட்டுப் போய் நடந்தேன். அந்த மகராசி வச்சிருந்திருக்காங்க பாருங்க."

கன்னத்தில் ஒரு சொட்டு உருண்டது. கூட்டத்தில் மூக்குறிஞ்சாதவர்கள் இல்லை. டெஸ் தொப்பியைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்த தீர்மானத்தை எடுத்து நாலாகக் கிழித்தான். நொரீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லாரும் கேக்குத் தட்டுகளை மொய்த்திருந்த நேரம், தேநீரோடு ஓரமாக உட்கார்ந்திருந்த லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் நொரீன்.

"எங்கம்மாவ ஞாபகம் வச்சிருந்தீங்களே, அது போதும்."

"அவங்க சமையல மறக்க முடியுமா?" லோர்னா குரலைத் தாழ்த்தினார். "ஆனா நொரீன், அது எம் பல்லு இல்ல."

"என்னது?"

"தெனம் காலையில முன்பல்லுல கறுப்பு மெழுகப் பூசி மறைச்சுருவாங்க. ஸ்கிரீன்ல பல்லு இல்லாத மாதிரி தெரியும். எனக்கு நெஜமா அந்தப் பல்லு விழுந்தது எட்டு மாசம் கழிச்சு, சிட்னியில."

"அப்ப இப்ப நீங்க அழுதது?"

"நடிப்புதான். எனக்கு நடிப்பு வந்ததே இந்த ஊர்லதானே, அதுக்கு நான் செய்ய வேணாமா?" கண்ணைச் சிமிட்டினார். "அது சரி, தேவதை பேர்ல உங்கம்மா எடுத்து ஒளிச்சு வச்சது யாரு பல்லு? உங்க வீட்ல அப்ப ஏழு வயசுல யாரு இருந்தா?"

நொரீன் எழுந்து தம்பியிடம் நடந்தாள். அறையின் மறுகோடியில், தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சுகூடப் பலமாக விடாமல் தீப்பெட்டிமேல் குனிந்து நின்றான் டெஸ்.

"அக்கா, ஆட்டுப் பல்லுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுரு. எவ்வளவு பெரிய ஆளோட பல்லு. ஒரே ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிடவா?"

"தொட்டுக்கடா" என்றாள் நொரீன். "உன்னோடதுதானே."