பூட்டுக்காரர்

மகளுக்கு இரண்டாவது சடையைப் பின்னிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் ஒரு பூட்டுக்காரரோடு வந்து நின்றார்.

"நாலு மாச வாடகைம்மா. நானும் எத்தனை நாள்தான் பொறுப்பேன்? இன்னிக்குப் பூட்டை மாத்தப் போறேன்."

"அவருக்கு வேலை கிடைச்சுடும் சார். ஒரு வாரம் மட்டும்..."

"போன மாசமும் இதே பல்லவிதான். பெரியவரே, நீங்க ஆரம்பிங்க."

பூட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்டியிட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். நான் குனிந்து சடையைப் பின்னி முடித்தேன்.

"தாத்தா, எங்க பூட்டு ரிப்பேரா?" என்று மகள் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு கண்ணு." திருப்புளி வழுக்கி அவர் விரலில் ரத்தம் வந்தது.

வேலை முடிந்ததும் கூலி வாங்காமலே போய்விட்டார். நாங்கள் பெட்டிகளோடு என் தோழி வீட்டுக்குப் போனோம்.

மூன்றாம் வாரம் அந்தப் பூட்டுக்காரர் இறந்த செய்தி வந்தது.

அவர் என் அப்பா. நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்ட அன்று, "நாளைக்கே பூட்டை மாத்திடுவேன். உன் சாவிக்கு இனி இந்தக் கதவு திறக்காது" என்று சொன்னவர். அதை நம்பி ஏழு வருடம் அந்தத் தெருப்பக்கமே நான் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவருவதற்குள், அவர் தனியாக இருந்த வீட்டைத் திறக்க வேண்டியிருந்தது. பையின் அடியில் கிடந்த என் பழைய சாவியைப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு சுற்றிலேயே திறந்தது.