கவிழ்ந்து கிடந்த கல்

"ஏய் நொண்டி ஆடே, இன்னும் எவ்வளவு தூரம் ஏறணும்?"

கீழே தேநீர்க் கடையில் தொடங்கிய கூப்பாடு இது. கமாண்டர் ஜன்தாத் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை சொன்னான். அவனோடு வந்த துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேரும் புதிதாகக் கேட்பதுபோல ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். கோட்டையின் முதல் வாசலிலேயே அவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த ஆடு வழிகாட்டி சஃப்தர்தான். தடியை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தான். உருகிய பனி பாதையெல்லாம் சேறாகக் கிடந்தது. வலது பாதம் மட்டும் குளிரில் விறைத்துப்போயிருந்தது.

பாமியானுக்குப் போகும் வழியில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கு மேலே நிற்கிறது அந்தச் சிவந்த மண்கோட்டை. வெளியூர்க்காரர்களை அதில் ஏற்றி இறக்கித்தான் சஃப்தர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நாளையிலிருந்து எரியாது. வழிகாட்டி வேலைக்கு ஜன்தாத்தின் மச்சினன் வருகிறானாம். கோட்டையை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதனால் எந்தப் பாதை எங்கே போகிறது என்று இன்று ஜன்தாத்துக்குக் காட்டிவிட்டு, சஃப்தர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

காரணம் கேட்டதற்கு, "உன் மூஞ்சி போதாதா?" என்றான் ஜன்தாத்.

இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த மூஞ்சியோடுதான் சஃப்தரின் அப்பனும் பாட்டனும் இந்த மலையில் பிறந்தார்கள். ஜன்தாத்தின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்து ஊரைப் பிடித்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. சஃப்தருக்கு ஆத்திரம். அதை மறைக்க அவன் பெரிதாக முயலவும் இல்லை.

மேல் மதிலைத் தாண்டியதும் பாதை இடதுபக்கம் வளைகிறது. வலதுபக்கம் ஒரு சரிவு. அதன் நுனியில் நின்றால் இரண்டு ஆறுகளும் காலடியில் தெரியும். வருகிற எல்லாருக்கும் அங்கே நின்று படம் எடுக்க ஆசை. ஒருவரையும் விட்டதில்லை சஃப்தர். சரிவின் ஓரத்தில் வரிசையாகச் சிவப்புச் சாயம் பூசிய கற்கள். வெள்ளை பூசிய கல் என்றால் நடக்கலாம். சிவப்பு என்றால் அதற்கு அப்பால் கண்ணிவெடி. இந்த ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கும் இது தெரியும்.

வரிசையில் இன்று ஓர் இடைவெளி. பனியோடு உருண்ட ஒரு கல் கொஞ்சம் தள்ளிக் குப்புறக் கிடந்தது. சாயம் மண்ணுக்குள், வெறும் பக்கம் மேலே. பார்த்தால் ஒற்றையடிப் பாதையின் வாசல் மாதிரியே இருந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் இப்படி உருளும். சஃப்தர்தான் எடுத்துவந்து நேராக வைப்பான்.

ஜன்தாத் அந்த இடைவெளியை நோக்கி நடந்தான்.

ஒரு வார்த்தை போதும். சஃப்தர் வாயைத் திறக்கவில்லை. தடியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜன்தாத் குனியாமலே துப்பாக்கி முனையால் அந்தக் கல்லைப் புரட்டினான். சிவப்பு மேலே வந்தது.

"எனக்கேவாடா?" என்று திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, குஷி. "முந்தின சண்டையில, மீசை முளைக்காத வயசுல, இந்தக் கண்ணியெல்லாம் வச்சவனே நான்தான்டா! பாரு."

வைத்தவன் யார் என்று இத்தனை வருடமாகச் சஃப்தருக்குத் தெரியாது.

ஜன்தாத் உள்ளே இறங்கினான். பாறைக்கு இடப்புறம் போனான், ஒரு எட்டு தாண்டினான், முள்புதரைச் சுற்றினான். கல்யாண வீட்டில் ஆடுகிறவன்போல நடந்து நுனியை அடைந்தான். செல்போனை நீட்டித் தன்னையே படம் எடுத்துக்கொண்டான். திரும்பும்போது பாதி வழியில் எதையோ கண்டு நின்றான்.

"புதரைத் தாண்டிச் சரிவுல கீழ ஒரு பழைய வெடிக்குழி கிடக்குதே. எந்த ஆடுடா மிதிச்சுது?"

சஃப்தர் தடியைப் பாறையில் சாய்த்தான்.

"காலையில இருந்து நீங்க கூப்பிட்டுக்கிட்டே வர்றீங்களே கமாண்டர் சாகிப், அதே ஆடுதான்."

இடதுபக்கம் கால்சட்டையை முட்டிவரை தூக்கிக் காட்டினான். முட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் கால், நிறம் தேய்ந்து வெளிறியிருந்தது.

ஜன்தாத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் சஃப்தர் கேட்டான்:

"அதை நீங்க எங்க வச்சீங்க, புதர்கிட்டயா?"

"புதரை ஒட்டி."

"நான் மிதிச்சது புதர்கிட்ட இல்ல. அந்தக் குழி இருக்கிற இடத்துல. பனி உருகுறப்பல்லாம் இந்தச் சரிவு மண்ணு நகருது சாகிப். கல்லு மட்டுமா உருளும்?"

ஜன்தாத் சரிவை அண்ணாந்து பார்த்தான். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தான். எடுத்து வைக்கப்போன காலை, இருந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்ப வைத்தான். காற்றில் அவனுடைய தலைப்பாகைத் துணி வாய்மேல் வந்து விழுந்தது. அதை விலக்கக்கூட அவன் கையை அசைக்கவில்லை.

தலையைத் திருப்பாமலே கூப்பிட்டான்.

"சஃப்தர் ஜான்... அன்னைக்கு உன்னை எந்த வழியாத் தூக்கிட்டு வந்தாங்க?"

பெயர் தெரிந்துதான் இருக்கிறது. அன்பாகக் கூப்பிடவும் வருகிறது.

சஃப்தர் பாறைமேல் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் காலின் வாரை அவிழ்த்து, கழற்றி, பக்கத்தில் வைத்தான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. நாளைக்கு வேலையும் இல்லை.