இவ செஞ்சது

என்ஜினை மேஜைமேல் வைக்கவில்லை, போட்டார் பந்தயக்காரர்.

போட்ட வேகத்தில் ஸ்பானர்கள் இரண்டு துள்ளித் தரையில் விழுந்தன.

"மூணாவது ரவுண்டுல பட்டுனு பூட்டிக்கிச்சு. பின்சக்கரம் ரெண்டும் கட்டை மாதிரி நின்னுடுச்சு. பின்னாடி வந்தவன் ஒதுங்கலேன்னா இந்நேரம் என்னை அள்ளிக்கிட்டு வந்திருப்பாங்க!"

தரையை ஒட்டி ஓடும் அந்தக் குட்டிப் பந்தய வண்டியில் அறுபது வயதிலும் காலை நீட்டி உட்கார்ந்து பறக்கிறவர் அவர். டூ ஸ்ட்ரோக் என்ஜின், அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. அந்த மாதிரி சிலிண்டரை வார்ப்பதை நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது.

பட்டறைக்காரன் என்ஜினையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"அண்ணே, இது நான் செஞ்சதில்ல. இவ செஞ்சது."

பட்டறையின் உள்பக்கம், லேத்துக்கு அருகில் நின்றிருந்த அவன் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

ஒன்பது வருஷம். சிலிண்டரின் சுவரில் புகை வெளியேறும் வாசலைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று உயர்த்துகிறவள் அவள்தான். உயர்த்தினால் வேகம் கூடும். ஒரு மயிரிழை அதிகம் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவாள். வெட்டி முடித்து என்ஜினை மூடியதும் அவன் அதைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போவான். "நேத்துப் பூரா உக்காந்து செஞ்சேண்ணே" என்பான்.

இந்த மனிதர் ஏழு முறை ஜெயித்துவிட்டு வந்தார். ஏழு முறையும் அவனைத்தான் கட்டிப்பிடித்தார். அவளிடம் ஏழு முறையும் டீ கேட்டார்.

அப்போதெல்லாம் 'நான்'. இன்றைக்கு 'இவ'.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல்!

தனக்குக் கோபமே வராது என்று அவள் ரொம்ப நாளாக நம்பிவந்தாள். 'அவருக்குப் பேச வரும், எனக்கு வேலை வரும்' என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள், அதுவும் பெருமையாக. அந்தப் பெருமை நினைவுக்கு வந்தபோதுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. அவன்மேல் வந்த கோபத்தைவிட, அப்படிச் சொன்ன தன் வாயின்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

அவள் முன்னால் வருவதைப் பந்தயக்காரர் பார்த்தார்.

"டீயெல்லாம் ஒண்ணும் வேணாம்மா."

அவள் என்ஜினைத் தன் பக்கம் இழுத்தாள். நான்கு நட்டுகளைக் கழற்றினாள். மேலே மூடியிருந்த ஹெட்டை எடுத்தாள். சிலிண்டரை மெல்ல உருவியபோது, பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங் உடைந்து, துண்டு துண்டாக உள்ளங்கையில் உதிர்ந்தது. பிஸ்டனின் பக்கம் கிழிந்திருந்தது. சிலிண்டரின் உள்சுவரில், மேலிருந்து கீழ்வரை, யாரோ ஆணியால் இழுத்ததுபோல் கோடுகள்.

"போச்சு," என்றார் பந்தயக்காரர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரலை உள்ளே விட்டு, வாசலின் மேல் விளிம்பைத் தடவினாள். நிறுத்தினாள். இன்னொரு முறை தடவினாள். விரலை எடுத்து வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டே இரண்டு ஸ்பானர்களை எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்?

"ஆமாண்ணே," என்றாள். "நான் செஞ்சதுதான்."

குனிந்தபடியே அவன் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

"நீங்க ஜெயிச்ச ஏழும் நான் செஞ்சதுதான். எந்தப் பந்தயத்துக்கு எவ்வளவு உசத்தினேன்னு கேளுங்க, சொல்றேன். மழை பெஞ்சுதே, அன்னிக்கு ஹெட்டுக்கு அடியில கூடுதலா ஒரு கேஸ்கெட் தகடு இருந்துச்சு. அது ஏன்னு இவரைக் கேளுங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பந்தயக்காரர் அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு ஏறியிருந்த கை. ஏழு முறை டீ கொடுத்த கை. பிறகு மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒன்பது வருஷமா நீ என்னதான்யா பண்ணுன?"

அவன் பொறுக்கிய ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இதுக்கு உள்ள புதுசா ஸ்லீவ் குழாய் அடிச்சு நானே ஓட வெச்சுத் தரேன்," என்றாள். "இனிமே என்ஜினைப் பத்தி எதுன்னாலும் என்கிட்டப் பேசுங்க."

அவர் ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "சரி, சொல்லும்மா. அந்தக் கேஸ்கெட் எதுக்கு?"

ஈரத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க என்ஜினின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கியதை அவள் சொல்லத் தொடங்கினாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. விரல் எரிந்தது.

பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது ரிங் அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் ரிங்கைக் கவ்வி ஒடித்துவிடும். அதனால் வெட்டிய பிறகு அரைநாள் உட்கார்ந்து, சாணைக்கல்லால் விளிம்பை மழுக்குவாள். இதையும் மழுக்கித்தான் மூடினாள். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் அது திரும்பவும் திறக்கப்பட்டிருந்தது. வாசல் ஒரு முழு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது. அந்தப் பட்டறைக்கு இருப்பதே இரண்டு சாவிகள்தான், அவளுடையதும் அவனுடையதும்.

சொல்லியிருக்கலாம். ஆனால் தோற்றது மட்டும் என் வீட்டுக்காரர் வெட்டியது, ஜெயித்ததெல்லாம் நான் வெட்டியது என்றால் எவன் நம்புவான்?

பேச்சுக்கு நடுவே துணியை விலக்கிப் பார்த்தாள். ரத்தம் நிற்கவில்லை.

அவள் வெட்டிய எந்த வாசலும் இதுவரை ஒரு விரலையும் கீறியதில்லை.