முப்பத்தொரு பச்சை விளக்கு

“எழுதிக்குங்க கலாதேவி. வந்திருக்கிறது நாலு பேரு. மேனேஜர் நீங்க, வைஃபை பெட்டிக்கு மென்பொருள் எழுதின தீபன், சோதனை நடந்த தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியை மங்களம் டீச்சர், கையெழுத்துப் போட வேண்டிய நான், பத்துமலை. ஒரு பேரும் விட்டுப் போகக்கூடாது.”

“இது மூணாவது கூட்டம்லா அண்ணே. பேரெல்லாம் மனப்பாடமே ஆயிடுச்சு,” என்று சொல்லிக்கொண்டே கலாதேவி எழுதினார்.

பத்துமலை சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈப்போவில் இந்த நிறுவனத்துக்கு வந்து இருபத்தாறு வருடம். அவர் கையெழுத்தோடு வெளியே போன பெட்டி எதுவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை. தீபன் வீட்டார் அவர் மகள் ஷாமினியைப் பெண் பார்க்க வந்தபோதும் அதைத்தான் முதலில் சொன்னார். கல்யாணம் ஆவணியில்.

மேசைமேல் ஒப்புதல் படிவம் கிடந்தது. அவர் கையெழுத்து விழுந்தால், திங்கட்கிழமை கோப்பெங்கிலிருந்து பாகான் டத்தோ வரை அறுபத்திரண்டு பள்ளிகளின் பெட்டிகளுக்குப் புதிய மென்பொருள் போய்விடும். தீபனுக்கும் அன்றே வேலை நிரந்தரமாகும்.

“போடுங்க மாமா,” என்றான் தீபன். “முப்பத்தொரு நாள். ஒரு தடவைகூட பெட்டி விழல.”

“போதாது.”

“இன்னும் என்ன போதாது?”

பத்துமலை படிவத்தைத் தள்ளி வைத்தார். சுவரிலிருந்த குளிரூட்டியிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று இரவாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

“எனக்கு ஒன்னும் புரியல தம்பி,” என்றார் மங்களம் தீபனிடம். “எங்க ஸ்கூல்ல அப்படி எதைத்தான் சோதிச்சீங்க?”

“இடிக்குப் பயந்து, பள்ளி விட்டதும் மெயின் சுவிட்சை இழுத்துடுறாங்களே டீச்சர், அதைத்தான். பெட்டி அந்த நேரத்துலதான் புது மென்பொருளை எழுதிக்கிட்டு இருக்கும். பாதியில கரண்ட் போனா, பழசுக்குத் திரும்பணும். திரும்பலன்னா பெட்டி செத்துடும். ஏணி வச்சுக் கழட்டி இங்க கொண்டு வரணும். அறுபத்திரண்டு ஸ்கூல்லயும் பிள்ளைங்களுக்குப் பாடம் நின்னுடும்.”

“அப்ப சரியான ஆளுகிட்டதான் விட்டிருக்கீங்க. எங்க காவல்கார ராக்காயிக்கா மெயின்ல கை வைக்காத நாளே கிடையாது. என் ஃபிரிட்ஜில வைக்கிற பாலு மறுநாள் திரிஞ்சுதான் கிடக்கும். போன மாசந்தான் என்னமோ கெடாம இருந்துச்சு. மழைக் குளிர்லா.”

கலாதேவி சிரித்தார். பத்துமலை பேனாவை மூடினார்.

பள்ளிக் காவலுக்கு இருக்கும் ராக்காயி அவருடன் பிறந்த அக்கா. தினமும் காலையில் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துத் தாளில் கோடு போடுவது மட்டுமே அவளுக்குக் கொடுத்த வேலை. முப்பத்தொரு கோடு. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

“அதுக்காகத்தானே மாமா அத்தை இருக்கிற ஸ்கூலையே எடுத்தோம்,” என்றான் தீபன். “அவங்க கைக்கே தாங்கின பெட்டி வேற எங்க விழப்போகுது?”

“ஆபிஸ்ல மாமா இல்ல. பத்துமலை.”

தீபனின் முகம் சுருங்கிவிட்டது. கலாதேவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்தார்.

“அண்ணே, ஒன்னு கேக்குறேன், கோபப்படாதீங்க. வெளியிலேர்ந்து எவனோ எழுதியிருந்தா இந்நேரம் போட்டிருப்பீங்கதானே? மாப்பிள்ளைக்குச் சலுகை காட்டிட்டாருன்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பயப்படுறீங்க. உங்க மானத்துக்கு இவன் ஏன் அடி வாங்கணும்?”

“என் குடும்பத்தை இந்த மேசைக்குக் கொண்டு வராதீங்க.”

“நான் கொண்டு வரல. நீங்கதான் உள்ளுக்குள்ள கொண்டு வந்துட்டீங்க.”

அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. ஆனாலும் முதுகு வளையவில்லை. ஆறிப்போன கோப்பியை ஒரு மடக்குக் குடித்து வைத்தார்.

“இன்னும் ஒரு மாசம். அதே ஸ்கூல். முதல் நாள்லேர்ந்து திரும்ப. தினமும் மெயினை இழுக்கிறப்ப நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.”

“ரிலீஸ் தள்ளிப்போச்சுன்னா மேல என்ன காரணம் சொல்றது?”

“சோதனை போதாதுன்னு எழுதுங்க. கீழே என் பேரைப் போடுங்க.”

 கலாதேவி குனிந்து எழுதினார். தீபன் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்தான். கதவருகே நின்று, “அடுத்த மாசம்தான் நிரந்தரம் ஆகும் போலிருக்கு, பத்துமலை சார்,” என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மங்களம் குடையைத் தேடி எடுத்தார். “மாப்பிள்ளைன்னும் பார்க்கல. உங்க மாதிரி ஆளு இந்தக் காலத்துல இல்ல, அண்ணே.”

 பத்துமலை கையெழுத்தில்லாத படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் அலுவலகம் முழுக்க அதே பேச்சு. கோப்பிக் கடையிலும் அதே. மருமகனாக வரப்போகிறவன் என்றும் பாராமல் நேர்மைக்காகத் தடுத்து நிறுத்தினார் மனிதர் என்றார்கள்.

அப்படி ஒன்றும் இல்லை. மருமகன் எழுதியது விழுந்துவிடக்கூடாது என்று, அந்த முப்பத்தொரு நாளும் மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தவர் பத்துமலைதான்.